ஆகாசமேருவில் இரண்டு செல்வப்பிரியா

ஆகாசமேரு அகாடமியில் சேர்ந்து தோற்றவர்கள் என்று யாரும் கிடையாது. தோற்றவர்களைச் சேர்ந்தவர்களாகவே அவர்கள் கணக்கில் வைப்பதில்லை. முதுகலை நுழைவுத் தேர்வுக்கு இணையத்தில் பயிற்சி கொடுக்கும் அகாடமிகள் தெருவுக்கு நாலு முளைத்துவிட்ட காலத்தில், இந்தச் சாதனையைப் பார்த்து மயங்கித்தான் செல்வப்பிரியா அதில் சேர்ந்தாள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பாடம். நிகழ்தகவு.

வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குப்பண்ணனுக்கும் மருதாத்தாளுக்கும் அவள் ஒரே மகள். பாலக்காட்டில் பொருளியல் பட்டம் முடித்தவள். தில்லியில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆசை என்று சொல்வதுகூடக் குறைவு, அது பிடிவாதம். போன வருடம் நுழைவுத் தேர்வு எழுதினாள். மற்ற பாடமெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நிகழ்தகவுக் கேள்விகள் வந்த இடத்தில் மட்டும், கண்ணில் பட்ட எண்களையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்கி வைத்துவிட்டு வந்தாள். மயிரிழையில் சீட்டு போய்விட்டது.

"இந்த ஒரு வருசம் பாரு அம்மணி," என்றார் குப்பண்ணன். "அப்பறமும் கெடைக்கலைன்னா உன்ற மாமன் தீவனக் கடையில கணக்குப் பாக்க ஆள் வேணுங்கறான். போயி உக்காந்துக்க. பருத்திக்கொட்டையும் பொருளாதாரந்தான்."

அன்பாகத்தான் சொன்னார். இருந்தாலும் அந்தக் கடையின் புண்ணாக்கு வாசனையை நினைத்த மாத்திரத்தில் செல்வப்பிரியா மூக்கைப் பொத்திக்கொண்டாள். அன்று சாயங்காலமே செல்போனில் தேடி ஆகாசமேருவைக் கண்டுபிடித்தாள். அதன் பாடத்திட்டத்தில் கடைசி வரி இப்படி இருந்தது: 'ஒன்பதாம் முகாம் – நிகழ்தகவு. வழங்குபவர் சிகராதிபதி பூபதிராஜா அவர்கள்.'

ஆகாசமேருவில் எல்லாமே மலைதான். மாணவர்களுக்கு ஏறுநர் என்று பெயர். ஆசிரியர்கள் ஷெர்பாக்கள். அலுவலகம் அடிவாரம். பாடங்கள் முகாம்கள். புகார் கொடுக்கும் இடம் குறைதீர் குகை. பூபதிராஜா எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருந்ததால் சிகராதிபதி. பணம் கட்டும் பக்கத்தை மட்டும் எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று 'பணம் கட்டவும்' என்றே விட்டுவைத்திருந்தார்கள்.

முதல் வகுப்பு எழுச்சி நிமிடத்தோடு தொடங்கியது. பெயர்தான் நிமிடம், அரை மணி நேரம் ஓடியது. ஏறுநர்கள் எழுந்து நின்று, வீட்டில் இருக்கும் ஏதாவது ஒன்றை மலையேறும் தொப்பியாகப் பாவித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மார்பில் கை வைத்து உறுதிமொழி சொல்ல வேண்டும். திரை முழுக்கக் குக்கர் மூடியும் பூந்தொட்டியும் தலையில் ஏறி நின்றன. செல்வப்பிரியா பால் கேன் மூடியை வைத்துக்கொண்டாள்.

"நான் மலையேறி. மலை என்னைப் பார்த்துப் பயப்படுகிறது. நான் மலையைப் பார்த்து இரக்கப்படுகிறேன்," என்று மூன்றாம் முறை சொல்லிக்கொண்டிருக்கும்போது சிக்னல் போய்விட்டது.

இந்த இடத்தில் குப்பண்ணனின் தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய வீடு கேரளத்தில் இருக்கிறது. மாட்டுக் கொட்டாய் தமிழ்நாட்டில் இருக்கிறது. நடுவே ஓர் எல்லைக் கல். மருதாத்தாள் தினமும் தமிழ்நாட்டில் பால் கறந்து கேரளத்தில் காபி போடுவாள். அதை அங்கே யாரும் பெரிய விஷயமாக நினைப்பதில்லை. செல்போன் மட்டும் நினைக்கும். வீட்டில் இருந்தால் கேரளத்து டவரைப் பிடிக்கும். அது தென்னை மரங்களுக்கு நடுவே வருவதும் போவதுமாக இருக்கும். கொட்டாய்க்குப் போனால் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும். அது கட்டிப்போட்ட இடத்தில் அப்படியே நிற்கும்.

ஆகவே செல்வப்பிரியா பால் கேன் மூடியைத் தலையில் பிடித்தபடி கொட்டாய்க்கு ஓடி, செவலைப் பசுவுக்குப் பக்கத்தில் நின்று மறுபடியும் வகுப்பைத் திறந்தாள். திரையில் பூ மழை பொழிந்தது. 'தமிழ்நாட்டிலிருந்து இணையும் புதிய ஏறுநரே, வருக' என்று எழுத்துகள் வந்தன. அவளும் சந்தோஷமாக ஒரு கும்பிடு போட்டாள். அங்கேதான் பிடித்தது சனி.

மறு வகுப்பில் வருகைப் பதிவு எடுத்தார்கள்.

"செல்வப்பிரியா, தமிழ்நாடு."

"இருக்கறனுங்க."

"அருமை. செல்வப்பிரியா, கேரளா."

அதுவும் தான்தான் என்று சொல்வதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். கேரளா செல்வப்பிரியாவின் பெயருக்கு எதிரே ஒரு மஞ்சள் கொடி முளைத்தது. தமிழ்நாட்டுச் செல்வப்பிரியாவுக்கு நட்சத்திரம் கிடைத்தது. கொட்டாய் சிக்னல் அவ்வளவு சுத்தம்.

அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஷெர்பாவின் பெயர் நவீன்குமார். தேன் ஒழுகப் பேசும் இளைஞர். அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"மேடம், எங்க சிஸ்டத்துல பதினாலு அடுக்குப் பரிசோதனை இருக்கு. தப்பு நடக்கறதுக்கு வழியே இல்ல. தப்பு நடக்க வழியில்லன்னா என்ன அர்த்தம்? நீங்க ரெண்டு பேர்."

"நான் ஒருத்திதானுங்க. ஊட்டுல இருந்து கொட்டாய்க்குப் போனனுங்க."

"ஒரு மாநிலத்துல இருந்து இன்னொரு மாநிலத்துக்கு ஒரு நிமிஷத்துல போனீங்களா?"

"எட்டி வெச்சாத் தமிழ்நாடுங்க."

நவீன்குமார் சிரித்தார். பைத்தியக்காரரிடம் பேசும்போது நல்ல மனிதர்கள் சிரிக்கும் சிரிப்பு. "மேடம், விமானத்துலயே அவ்வளவு சீக்கிரம் போக முடியாது."

"மூஞ்சியப் பாருங்க. ரெண்டும் ஒரே மூஞ்சிதானுங்களே."

"நாங்க முகத்தைப் பாக்கறதில்ல மேடம். மனசைத்தான் பாக்கறோம். உங்க மனசுல கொஞ்சம் பொறாமை தெரியுது. அந்தப் பொண்ணு நல்லா வர்றாங்க, உங்களால தாங்க முடியல. பரவாயில்ல, இதுக்கும் எங்ககிட்ட ஒரு முகாம் இருக்கு."

செல்வப்பிரியா போகட்டும் என்று விட்டுவிட்டுக் கொட்டாயிலேயே உட்கார்ந்து படித்திருக்கலாம். தமிழ்நாட்டுப் பெண்ணாகவே ஒன்பதாம் முகாம்வரை ஏறியிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் அடித்தது அகாடமியின் கருணை. பின்தங்கிய ஏறுநருக்கு உதவியாக முன்னேறிய ஏறுநரைக் கயிற்றுத் துணையாகக் கட்டிவிடுவார்கள். கயிற்றில் கட்டப்பட்ட இருவரும் சேர்ந்துதான் கடைசி முகாமான ஒன்பதாம் முகாமுக்கு ஏற முடியும். கேரளா செல்வப்பிரியாவுக்குத் துணையாக யாரைப் போடலாம் என்று யோசித்த அகாடமி, பெயர்ப் பொருத்தம் நன்றாக இருக்கிறதே என்று தமிழ்நாட்டுச் செல்வப்பிரியாவையே போட்டது.

அதாவது இனி அவள் இரண்டு பேராகவும் பாஸாக வேண்டும்.

சளைக்காமல் இறங்கினாள். ஒவ்வொரு பரீட்சையையும் முதலில் கொட்டாயில் எழுதினாள். பிறகு வீட்டுக்கு ஓடி, சிக்னல் வந்த நேரம் பார்த்து மறுபடியும் எழுதினாள். மருதாத்தாளுக்கு மகளின் படிப்பு புரியவில்லை என்றாலும் ஓட்டம் புரிந்தது. வழியில் கிடந்த தென்னை மட்டைகளை ஒதுக்கிப் போட்டாள்.

வாரம் ஒரு முறை கயிற்றுத் துணைகள் ஒருவரோடொருவர் பேச வேண்டும், முன்னேறியவர் பின்தங்கியவருக்கு ஊக்கம் கொடுக்க வேண்டும், அந்தப் பேச்சை இயந்திரம் கேட்டு மதிப்பெண் போடும் என்று உத்தரவு வந்தபோதுதான் செல்வப்பிரியா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். ஓடுவதற்குக் கால் இரண்டு இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் பேச வாய் இரண்டு இல்லை.

"நான் பேசறனே," என்றாள் மருதாத்தாள்.

"என்னம்மா பேசுவீங்க?"

"உங்கூடப் பேசறதுக்கு எனக்குச் சொல்லித் தரோணுமா?"

குப்பண்ணனின் போனை வாங்கிக்கொண்டு மருதாத்தாள் கொட்டாய்க்குப் போனாள். செல்வப்பிரியா வீட்டில் உட்கார்ந்தாள். இயந்திரம் கேட்க ஆரம்பித்தது.

"ஏங்கண்ணு, சாப்டியா?"

"சாப்டனுங்க."

"பொய் சொல்லாத. தட்டுல போட்ட சோறு அப்பிடியே கெடக்குது. வெறும் வயித்துல படிச்சா மண்டையில ஏறுமா?"

"பயமா இருக்குதுங்க," என்றாள் செல்வப்பிரியா. நடிப்புக்காகச் சொல்ல ஆரம்பித்தது நடுவிலேயே நிஜமாகிவிட்டது. "இந்த வருசமும் போச்சுன்னா என்ன பண்றதுங்க?"

மருதாத்தாள் சொன்னாள்: "போச்சுன்னாப் போச்சு. பரிச்சை என்ன பண்ணீரும் கண்ணு? முட்டுமா, ஒதைக்குமா? நம்ம செவலை ஒதைக்காத ஒதையா? மூணு நாளு காலத் தூக்க முடியாமக் கெடந்து, நாலாம் நாளு அதுங்கிட்டயே போயிப் பால் கறக்கலயா நானு? செவலைகிட்டப் போறப்ப பயந்துட்டே போனா ஒதைக்கும். தட்டிக் குடுத்துட்டே போனாக் கறக்கும். அவ்வளவுதான்."

இயந்திரம் அந்தப் பேச்சுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டது. இரண்டு மதிப்பெண் எதற்காகக் குறைந்தது என்றால், பின்னணியில் மாடு கத்தியது.

மறுநாள் எழுச்சி நிமிடத்தில் சிகராதிபதி பூபதிராஜா அவர்களே திரையில் தோன்றினார். பின்னால் ஒரு பனிமலைப் படம். காற்றாடி ஓடியதால் மலை லேசாக ஆடியது. "ஏறுநர்களே, நம் தமிழ்நாட்டுச் செல்வப்பிரியா ஒரு மகா வாக்கியத்தை அருளியிருக்கிறார். 'செவலை உதைக்காத உதையா.' செவலை என்றால் என்ன? மனிதனின் உள்ளே இருக்கும் ஆதி அச்சத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. அதைப் பற்றி நான் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறேன். அந்தச் செவலையைத் தட்டிக்கொடுங்கள் ஏறுநர்களே."

அன்று முதல் எங்கெங்கோ இருந்த பட்டதாரிகள் எல்லாம் தலையில் குக்கர் மூடியோடு, மார்பில் கை வைத்து, "செவலை உதைக்காத உதையா" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சிலர் கண்ணீர் விட்டார்கள். செவலை கொட்டாயில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

மருதாத்தாள் பெற்ற மதிப்பெண்ணால் தமிழ்நாட்டுச் செல்வப்பிரியா மேலும் மேலே போனாள். அந்த ஊக்கத்தைக் கேட்ட தவறுக்காகக் கேரளா செல்வப்பிரியாவுக்கு ஒரு மஞ்சள் கொடி: 'ஊக்கம் தேவைப்படும் நிலையில் உள்ளார்.'

அடுத்து வந்தது பெற்றோர் கூட்டம். இரண்டு தந்தையரும் கலந்துகொள்ள வேண்டும் என்று நவீன்குமார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குப்பண்ணன் வெள்ளை வேட்டி சட்டை போட்டு, தோளில் பச்சைத் துண்டோடு வீட்டில் உட்கார்ந்தார்.

"கேரளா செல்வப்பிரியாவின் தந்தையே," என்றார் பூபதிராஜா, "உங்கள் பெண் பின்தங்கியிருப்பதற்கு நீங்கள் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இப்போது தமிழ்நாட்டுச் செல்வப்பிரியாவின் தந்தையை அழைக்கிறேன். அவரைப் பார்த்தாவது நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும்."

குப்பண்ணன் எழுந்து கொட்டாய்க்கு நடந்தார். வேறு ஆள் என்று தெரியட்டும் என்று போகும்போதே துண்டைக் கழற்றித் தலைப்பாகை கட்டிக்கொண்டார். கொட்டாயில் அவருக்குக் கைதட்டல் காத்திருந்தது. பெண்ணை வளர்த்த விதம் எப்படி என்று கேட்டார்கள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, புகழ்ச்சியில் கொஞ்சம் நிமிர்ந்து, "அது பாருங்க, புள்ளைங்கள நம்ம நம்போணும்," என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். கேரளத் தந்தைக்கு ஏதாவது அறிவுரை உண்டா என்று கேட்டபோது, "அவரு கொஞ்சம் பொறுமையா இருந்தாத் தேவலைங்க," என்றார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. திரும்பி வீட்டுக்கு வந்ததும் மகளைப் பார்த்து, "ஏம்புள்ள, அந்தப் புள்ளயப் பாத்தாவது கத்துக்கக் கூடாதா?" என்றார்.

"எந்தப் புள்ளயுங்கப்பா?"

குப்பண்ணன் யோசித்தார். தலைப்பாகையைக் கழற்றினார். "அதும் நீதான்னு எனக்குத் தெரியுது அம்மணி. இருந்தாலும் அவங்கப்பன் மூஞ்சிய நெனச்சா எரிச்சலா வருது," என்றார்.

தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. எட்டாம் முகாமில் தமிழ்நாட்டுச் செல்வப்பிரியா காத்திருந்தாள். மஞ்சள் கொடிகளின் பாரத்தில் கேரளா செல்வப்பிரியா ஆறாம் முகாமிலேயே நின்றாள். ஒன்பதாம் முகாமின் கதவில் பூட்டுப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. தீவனக் கடை மாமா இரண்டு தடவை போன் பண்ணி, "எப்ப வர்றாப்பல இருக்குது?" என்று கேட்டுவிட்டார். செல்வப்பிரியாவுக்குச் சிரிப்பெல்லாம் வற்றிப்போய் அழுகை முட்டியது. கடைசி முயற்சியாகக் குறைதீர் குகைக்கு எழுதினாள்: நாங்கள் இருவரும் ஒருவர்தான், எங்களை ஒன்றாக்குங்கள்.

குகையிலிருந்து பதில் வந்தது. 'ஆகாசமேரு அறிவியல் அடிப்படையில் இயங்கும் நிறுவனம். தாங்கள் இருவரும் ஒருவரே என்பதைக் கணித ரீதியாக நிரூபிக்கவும்.'

அவளுக்கு வந்த கோபத்தில் போனை மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருப்பாள். போடவில்லை. பாலக்காட்டுக் கல்லூரி நாட்களில் வாங்கி, நிகழ்தகவு அத்தியாயத்தை மட்டும் பிரிக்காமலே வைத்திருந்த பழைய புள்ளியியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பரீட்சைக்காகப் படித்தபோது ஓடிப்போன பாடம், சண்டைக்காகப் படித்தபோது கைகட்டி வந்து நின்றது.

இரண்டு வேறு பெண்களுக்கு ஒரே பெயர் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று எழுதினாள். ஒரே பிறந்தநாள் இருக்க எவ்வளவு. ஒரே அப்பா பெயர், ஒரே அம்மா பெயர், தலையில் ஒரே பால் கேன் மூடி. வழக்கம்போல எல்லாவற்றையும் பெருக்கினாள். விடை அடிமட்டத்துக்குப் போய்விட்டது. ஜெயித்துவிட்டோம் என்று எழுந்தவள், ஏதோ இடிக்கவே மறுபடியும் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒருத்தி அப்பா பேரு குப்பண்ணன்னு வெச்சுக்கங்க. அவ அம்மா பேரு மருதாத்தாளா இருக்க எவ்வளவு வாய்ப்புங்க?"

மருதாத்தாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "வேற எவளா இருந்தா இந்த மனுசனோட குப்பை கொட்டியிருப்பா?"

செல்வப்பிரியா அம்மாவையே பார்த்தாள். குப்பண்ணன் என்று தெரிந்துவிட்டால் மருதாத்தாள் தனியாக ஓர் ஆச்சரியமே இல்லை. அவர் இருக்கிற வீட்டில் அவள்தான் இருப்பாள். ஒன்று தெரிந்தபிறகு இன்னொன்றின் வாய்ப்பு மாறிவிடுகிறது. அதைத் தனியாள் என்று நினைத்து அப்படியே பெருக்கக் கூடாது. போன வருடம் அந்தப் பரீட்சை அறையில் தான் செய்த தப்பு என்ன என்று இந்தச் சமையலறையில் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் அவ்வளவு சந்தோஷம். அம்மாவின் வெங்காயக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண் எரிந்தது. அப்புறமும் சிரித்தாள்.

ஒன்றோடொன்று ஒட்டியவற்றைப் பிரித்து, ஒட்டாதவற்றை மட்டும் பெருக்கி, நிரூபணத்தைப் புதிதாக எழுதி, வீட்டிலிருந்தே அனுப்பினாள். அன்று கேரளத்துச் சிக்னல் நன்றாக இருந்தது. அதுவே வினையாகிவிட்டது.

விசாரணைக்குச் சிகராதிபதியே வந்தார். பக்கத்துக் கட்டத்தில் நவீன்குமார் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"நிரூபணத்தைப் படித்தேன்," என்றார் பூபதிராஜா. "கணிதம் பொய் சொல்லாது. நீங்கள் இருவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கப் பல கோடியில் ஒரு வாய்ப்புதான் உண்டு என்று இதில் ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டப்பட்டிருக்கிறது."

செல்வப்பிரியாவுக்கு உயிர் வந்தது. "அதுதானுங்களே நானும்..."

"பல கோடியில் ஒன்று. அப்படிப்பட்ட அபூர்வம் எங்கே நடக்கும்? சாதாரண அகாடமியில் நடக்குமா? கோடியில் ஒருவரை உருவாக்குவோம் என்று நம் விளம்பரத்தில் சும்மாவா போட்டிருக்கிறோம்? அந்தக் கோடியில் ஒன்று இங்கேதான் நடந்திருக்கிறது. எனவே நீங்கள் இருவர் என்பது இதனால் உறுதியாகிறது."

நவீன்குமார் கைதட்டினார்.

"இன்னொன்று," என்று பூபதிராஜா குரலைத் தாழ்த்தினார். "இவ்வளவு உயர்ந்த நிரூபணத்தை இத்தனை மஞ்சள் கொடி வாங்கிய ஒருவர் எழுதியிருக்க முடியாது. இது தமிழ்நாட்டுச் செல்வப்பிரியாவின் மூளை. நீங்கள் திருடியிருக்கிறீர்கள். பாதிக்கப்பட்டவரை அழைக்கிறேன்."

பாதிக்கப்பட்டவர் வீட்டிலிருந்து எழுந்து, எல்லைக் கல்லைத் தாண்டி, மூச்சிரைக்கக் கொட்டாய்க்கு வந்து சேர்ந்தாள்.

"தமிழ்நாட்டுச் செல்வப்பிரியா, உங்கள் உழைப்பைத் திருடியவரைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?"

"அது நானேதானுங்க. அவளும் நானும் வேற வேறயில்லீங்க."

பூபதிராஜா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் பெருந்தன்மையைக் குறித்துக்கொள்ளுங்கள் நவீன்குமார். திருடியவரையும் தானாகவே நினைக்கிறார். இவரை நாம் எப்படி உருவாக்கியிருக்கிறோம் பார்த்தீர்களா?"

தீர்ப்பு அன்றே வந்தது. கேரளா செல்வப்பிரியா மலையிலிருந்து இறக்கப்பட்டாள். கயிறு அறுக்கப்பட்டது. கயிறு அறுந்ததால் தமிழ்நாட்டுச் செல்வப்பிரியா தடையின்றி மேலே போகலாம் என்று நவீன்குமார் வாழ்த்து அனுப்பினார்.

ஒன்பதாம் முகாமின் பூட்டு திறந்தது. செவலையின் பக்கத்தில், சாணத்தை மிதிக்காமல் நின்றுகொண்டு, செல்வப்பிரியா அந்தப் பாடத்தைத் தொட்டாள். இத்தனை நாள் ஓடியது இதற்காகத்தான்.

முதல் பக்கத்தில் பூபதிராஜாவின் புகைப்படம் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் 'ஒருவருக்குக் குப்பண்ணன் என்ற தந்தை இருக்கிறார் எனக் கொள்வோம்' என்று பாடம் ஆரம்பித்தது. கடைசி வரைக்கும் ஒரு புள்ளி மாறாமல் அவள் எழுதியதே இருந்தது. பால் கேன் மூடியும் இருந்தது. கீழே, பொடி எழுத்தில், 'இதற்கு முந்தைய பதிப்பு: பாடம் விரைவில் வரும்' என்று கண்டிருந்தது.

செல்வப்பிரியா சிரிக்க ஆரம்பித்தாள். கொட்டாய்த் தூணைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தாள். தவிட்டோடு வந்த மருதாத்தாள் மகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"படிக்க வேண்டியது ஒண்ணுமில்லீங்கம்மா. எல்லாம் எனக்குத் தெரியும்," என்றாள் செல்வப்பிரியா.

கோயம்புத்தூரில் தேர்வு எழுதினாள். நிகழ்தகவுக் கேள்விகள் வந்தபோது கை பழக்க தோஷத்தில் பெருக்கப் போனது. ஒரு நொடி நிறுத்தி, எது குப்பண்ணன், எது மருதாத்தாள் என்று பார்த்துவிட்டுப் போட்டாள். பக்கத்து இருக்கைப் பையன் மார்பில் கை வைத்துக் கண்ணை மூடி, "செவலை உதைக்காத உதையா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் நல்லபடி வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

முடிவு வந்தது. தில்லியில் சீட்டு கிடைத்தது. குப்பண்ணன் வீட்டுக்கும் கொட்டாய்க்கும் நடுவே நின்று இரண்டு மாநிலத்துக்கும் கேட்கிற மாதிரி மச்சானுக்குப் போன் பண்ணி, கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

சாயங்காலம் செல்வப்பிரியா வீட்டில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது நவீன்குமார் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு பரிவு.

"கேரளா மேடம், உங்க துணை தமிழ்நாட்டுச் செல்வப்பிரியாவுக்குச் சீட்டு கெடைச்சிருச்சு. எங்க வெப்சைட்ல அவங்க படத்தைப் போட்டுட்டோம். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும், அதான் பேசறேன்."

"எனக்கு ஏனுங்க கெடைக்கல?"

"அதுல எங்க கொள்கை ரொம்பத் தெளிவு மேடம். ஜெயிக்கறவங்க எங்களால ஜெயிக்கறாங்க. தோக்கறவங்க அவங்களாலயே தோக்கறாங்க. சிகராதிபதிக்கு இரக்க மனசு. உங்க தண்டனைய ரத்து பண்ணிட்டார். அடுத்த வருஷத்துக்கு முதல் முகாம்ல இருந்து ஆரம்பிக்கலாம்."

"ஒன்பதாம் முகாம்ல நிகழ்தகவு ஆருங்க சொல்லித் தர்றது?"

"அதுதான் மேடம் இந்த வருஷச் சிறப்பே. தமிழ்நாட்டுச் செல்வப்பிரியாவோட பாடம். பொறாமையெல்லாம் விட்டுட்டு நீங்க அவங்ககிட்டக் கத்துக்கணும்."

"அவகிட்டத்தானுங்க கத்துக்கிட்டேன்," என்று சொல்லிச் செல்வப்பிரியா போனை வைத்துவிட்டு, தில்லிக் குளிருக்கு அம்மா எடுத்து வைத்திருந்த கம்பளியைப் பெட்டியில் அழுத்தி மூடினாள்.